ஸ்டீம் ஓவன் என்று நம்பி 1,680 வெள்ளியைப் பறிகொடுத்தேன்

எனக்கு ஓவனை விற்ற கடைக்காரர் வாட்ஸ்அப்பில் என் எண்ணைத் தடை செய்துவிட்டார் என்பது இன்று காலை உறுதியான பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மேசைமேல் வைக்கும் ஸ்டீம் ஓவன் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து படித்துவிடுங்கள். போனது 1,680 வெள்ளி (ரிங்கிட்); ஓராண்டாக ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் அவசரப்பட்டு வாங்கியவள் அல்ல. ஏறக்குறைய எட்டு மாதம் யோசித்தேன். மாமியாருக்கு நீரிழிவு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெயில் பொரிப்பது குறைந்து, ஆவியில் அவிப்பது கூடிவிட்டது. முறையான ஸ்டீம் ஓவனில் தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அந்தத் தண்ணீரைச் சிறிய கொதிகலன் ஒன்று கொதிக்கவைத்து, ஆவியை அறை முழுவதும் நிரப்பும். நூறு டிகிரி நீராவி குளிர்ந்த மாவின்மேல் பட்டு மீண்டும் தண்ணீராகும்போது பெரும் வெப்பத்தை இறக்கிவிடுவதால்தான், அதே நூறு டிகிரியில் உள்ள வெறும் காற்றால் முடியாததை ஆவி சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. இட்லிப் பானையும் இதைத்தானே செய்கிறது என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். 14 கிலோ எரிவாயுத் தோம்பு 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைக்கும்போது, மின்சாரத்தில் அவிப்பது மிச்சம் என்று நானும் கணக்குப் போடவில்லை. தீபாவளி மாதத்தில் தையல் இயந்திரத்தை விட்டுவிட்டு அடிக்கடி எழுந்துபோய் அடுப்பைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்பதே என் ஆசை.

தீபாவளிச் சந்தையில் ஈப்போவிலிருந்து வந்த மின்சாமான் கடை ஒன்று கூடாரம் போட்டிருந்தது. கூடாரத்தில் இருந்த இளைஞர் எங்கள் கண்முன்னே முன்பக்கத் தொட்டியை இழுத்துத் தண்ணீர் ஊற்றி, இரண்டு தட்டு இட்லியை உள்ளே வைத்தார். பன்னிரண்டு நிமிடத்தில் கதவைத் திறந்தபோது எழுந்த ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. முதல் இட்லியை வாழையிலைத் துண்டில் வைத்து, "பாட்டி, நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க" என்று மாமியாரிடம் நீட்டினார். எதையும் இலேசில் பாராட்டாதவர் தலையை ஆட்டினார். பிறகு அந்த இளைஞர், "அக்கா, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா பால்மரம் சீவித்தான் என்னைப் படிக்க வச்சாங்க" என்றார். என் அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். அட்டை இயந்திரம் பழுது, கடைசியாக இரண்டு பெட்டிகளே மிச்சம் என்று அவர் சொன்னபோது கொஞ்சமும் சந்தேகப்படாமல் வங்கி இயந்திரத்துக்கு நடந்துபோய் 1,680 வெள்ளியை ரொக்கமாக எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தேன். பெட்டியை அங்கேயே திறந்து காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிக் கேட்டால் நம் பிள்ளையை அவமதித்ததாகிவிடுமே என்று தோன்றியது.

வீட்டில் பெட்டியைத் திறந்தால் வெளித்தோற்றம் அதே ஓவன்தான், ஆனால் முன்பக்கத் தொட்டி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தகரத் தட்டு இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றி ஓவனின் அடியில் வைத்தால் அதுதான் ஸ்டீமாம். ரொட்டி சுடும்போது மேற்பரப்பு காயாமல் இருக்க இப்படித் தட்டில் தண்ணீர் வைப்பது உண்டு, அதில் தவறில்லை. அதை ஸ்டீம் ஓவன் என்று 1,680 வெள்ளிக்கு விற்பதுதான் மோசடி. தட்டுத் தண்ணீர் சூடேறவே அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மேல்கம்பியின் அனலில் இட்லியின் தலை காய்ந்து வெடித்தது, அடிப்பகுதியோ மாவாகவே இருந்தது. பிளக்கும் நம் ஊர் மூன்று கால் பிளக் இல்லை. இரண்டு கால் பிளக்குடன் ஓர் அடாப்டரைக் கொடுத்திருந்தார்கள், அது தொட முடியாத அளவுக்குச் சூடாயிற்று. மின்சாமான் பாதுகாப்பானது என்பதற்கான எஸ்.டி.–சிரிம் முத்திரையை நான்கு பக்கமும் திருப்பித் தேடினேன், இல்லவே இல்லை.

மறுநாளே அழைத்தேன். முதலில் நான் தண்ணீர் ஊற்றிய அளவு தவறு என்றார்கள். பிறகு காணொளி எடுத்து அனுப்பச் சொன்னார்கள், மூன்று அனுப்பினேன். "பெருநாள் நேரம், டெக்னீஷியன் லீவு" என்று ஒரு வாரம் போனது. அதன்பின் பேசிய பெண்மணி வாரண்டி பழுதுக்குத்தான், மாற்றித் தருவதற்கு இல்லை என்றார். பழுதே இல்லை அம்மா, நீங்கள் காட்டியது வேறு, கொடுத்தது வேறு என்று சொன்னதற்கு, ரசீதின் கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று இருப்பதை வாசித்துக் காட்டினார். "நான் தோட்டத்துப் பிள்ளை" என்றவர் ஒருமுறைகூடத் தொலைபேசியை எடுக்கவில்லை.

அந்த வரியை அச்சடித்துவிட்டால் சட்டம் ஓடிவிடாது. மாதிரியாகக் காட்டிய பொருளும் கையில் கொடுத்த பொருளும் ஒத்திருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் வழக்கறிஞர் இல்லாமலேயே 50,000 வெள்ளி வரை கோரலாம். நான் முதலாம் பாரத்தை, அதாவது கோரிக்கைப் படிவத்தை, எடுத்து நிரப்பத் தொடங்கினேன். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் கேட்கும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் ரசீதில் இருப்பது மங்கிய ஒரு ரப்பர் முத்திரையும் இப்போது என்னைத் தடை செய்திருக்கும் கைப்பேசி எண்ணும் மட்டுமே.

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன், இப்போது கை நடுங்குகிறது, முடியவில்லை. தொட்டி எங்கே, கொதிகலன் எங்கே என்று கேளுங்கள். உங்களுக்குத் தரும் பெட்டியையே திறந்து, அதிலேயே அவித்துக் காட்டச் சொல்லுங்கள். சிரிம் முத்திரையும் மூன்று கால் பிளக்கும் இல்லையென்றால் தொடவே வேண்டாம். ரசீதில் நிறுவனப் பதிவு எண்ணும் முகவரியும் இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

அதே சந்தையில், அதே கூடாரத்தில் வாங்கியவர்கள் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் ரசீதில் பதிவு எண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். என் பாரத்தில் அந்த ஒரு கட்டம்தான் காலியாக இருக்கிறது.