ஓக்கமா, ஆப்பிள்பியா? இரண்டு நாள் கையில் இருந்தால் எந்த ஊர்

லண்டன், எடின்பரோ எல்லாம் பார்த்து முடித்த உறவினர்கள் அடுத்து என்னிடம் கேட்பது இதைத்தான்: "கூட்டம் இல்லாத சின்ன ஊர் ஒன்று சொல்லேன். ஊரைத் தாண்டினால் வயல், ஆடு, மலை என்று இருக்க வேண்டும்." கடலோரம் வேண்டாம் என்றால் நான் சொல்வது இரண்டே ஊர். ஒன்று ஓக்கம், ரட்லண்ட் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) தலைநகர். மற்றது ஆப்பிள்பி, வெஸ்ட்மோர்லண்ட் கவுண்டியின் பழைய தலைநகர். லெஸ்டரில் குடியிருப்பதால் ஓக்கத்துக்குப் பல முறை போயிருக்கிறேன். ஆப்பிள்பிக்கு மூன்று முறை.

இந்த இரண்டை ஒன்றாக வைத்துப் பேச ஒரு காரணம் உண்டு. 1974-இல் கவுண்டி எல்லைகளைத் திருத்தியபோது இரண்டு ஊர்களும் தங்கள் கவுண்டியை இழந்தன. ரட்லண்டை லெஸ்டர்ஷயரோடு சேர்த்தார்கள். வெஸ்ட்மோர்லண்ட் கம்பிரியாவுக்குள் போனது. ரட்லண்ட்காரர்கள் விடவில்லை, 1997-இல் தனி நிர்வாகத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆப்பிள்பிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கவுண்டி போன அதே சமயத்தில் அந்த ஊர் தன் பெயரையே 'ஆப்பிள்பி-இன்-வெஸ்ட்மோர்லண்ட்' என்று மாற்றிக்கொண்டது. இல்லாத கவுண்டியை ஊர்ப்பெயருக்குள் வைத்துக் காப்பாற்றியவர்கள்! 2023-இல் வெஸ்ட்மோர்லண்ட் என்ற பெயர் ஒரு புதிய கவுன்சிலின் பெயரில் பாதியாகத் திரும்பி வந்தது. அந்த நீளமான பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

போய்ச் சேரும் வசதியில் ஓக்கத்துக்குத்தான் முதலிடம். லெஸ்டரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். லண்டனிலிருந்து வருபவர்கள் பீட்டர்பரோவில் மாறினால் இரண்டு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடலாம். ஆப்பிள்பிக்கு லீட்ஸில் மாறி, அங்கிருந்து இன்னும் இரண்டு மணி நேரம் போக வேண்டும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பயணச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். அது செட்டில்-கார்லைல் பாதை. 1876-இல் பயணிகளுக்குத் திறந்தது. 1980-களில் இதை மூடிவிடப் பார்த்தார்கள். மக்கள் போராடி 1989-இல் காப்பாற்றினார்கள். ரிபிள்ஹெட் பாலத்தின் 24 வளைவுகள் மேல் வண்டி மெதுவாகப் போகும்போது கீழே ஒரு வீடு கூடக் கண்ணில் படாது, புல்லும் நீர்த்தடமும்தான். ஒருமுறை நான் வந்த வண்டி தாமதமாகி லீட்ஸில் இணைப்பு ரயில் போய்விட்டது. அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் நடைமேடையில் காத்திருந்தேன். இந்தப் பாதையில் வண்டிகள் குறைவு. திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

ஓக்கம் ஊருக்குள் பார்க்க வேண்டியது ஒரே கூடம். கோட்டை என்று பெயர், மிஞ்சி நிற்பது 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய பெரிய மண்டபம் மட்டும். உள்ளே நுழைந்து தலையைத் தூக்கினால் சுவரெல்லாம் லாடம். 200-க்கும் மேல். பிரபுக்களும் அரச குடும்பத்தாரும் முதன்முறை இந்த ஊருக்கு வந்தால் ஒரு லாடம் கொடுத்தாக வேண்டும் என்பது பழைய வழக்கம், இன்றும் நடக்கிறது. குதிரைக்கு மாட்டும் அளவில் இருப்பவை சிலதான். மற்றவை கை விரித்த அகலத்துக்கு, மேலே கிரீடம் வைத்து, வண்ணம் பூசி, பெயர் எழுதியவை. எல்லாமே வாய் கீழே பார்த்தபடி தொங்குகின்றன. மேலே பார்த்து மாட்டினால் அந்தக் குழியில் சாத்தான் வந்து உட்கார்ந்துவிடுமாம். நான் போனபோதெல்லாம் கட்டணம் கேட்டதில்லை. பக்கத்துச் சந்தைத் திடலில் பழைய பட்டர்கிராஸ் மண்டபம் இருக்கிறது. அதன் அடியில் குற்றவாளிகளின் காலை மாட்டிய தொழுமரம், அதில் ஐந்து துளைகள். ஐந்தாவது துளை யாருடைய காலுக்கு என்று என் அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. புதனும் சனியும் சந்தை கூடும் நாட்கள்.

ஊரை விட்டு எட்டு வைத்தால் ரட்லண்ட் வாட்டர். பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இது. 1970-களில் குவாஷ் ஆற்றின் பள்ளத்தாக்கில் அணை கட்டியபோது நெதர் ஹாம்பிள்டன் என்ற கிராமம் தண்ணீருக்குள் போனது. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் தீபகற்பமாக மிஞ்சியது. நார்மன்டன் தேவாலயத்தின் கீழ்ப்பாதியைக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பி, சுற்றிக் கரை எழுப்பிக் காப்பாற்றினார்கள். மாலை வெளிச்சத்தில் அது தண்ணீர் மேல் மிதப்பது போலவே இருக்கும். ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பாதை உண்டு: தீபகற்பத்தைச் சேர்த்தால் சுமார் 37 கிலோமீட்டர், விட்டால் 27. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், ஏற்ற இறக்கமும் பயப்படும்படி இல்லை. ஹாம்பிள்டனில் மட்டும் மூச்சு வாங்கும்.

எனக்கு அங்கே பிடித்தது பறவைகள். விரால் அடிப்பான் (ஆஸ்பிரே) என்ற மீன் தின்னும் வேட்டைப் பறவையின் குஞ்சுகளை 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 2001-இல் அவை இங்கேயே குஞ்சு பொரித்தன. குளிர்காலத்தில் நம்மூர் நீர்நிலைகளுக்கும் வருகிற அதே இனம். லிண்டன் பக்கத்து மறைவுக் குடிலில் உட்கார்ந்தால் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை கூட்டைப் பார்க்கலாம். அம்மா தொலைநோக்கியை ஒரு மணி நேரம் கீழே வைக்கவில்லை. ஆண் பறவை மீனோடு வந்து இறங்கியதும் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஆப்பிள்பி வேறு மாதிரி. மூவாயிரம் பேர் இருக்கும் ஊர், ஈடன் ஆறு அதை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மேட்டில் கோட்டை, அடிவாரத்தில் தேவாலயம், நடுவே மரங்கள் நிற்கும் அகலமான ஒரே தெரு, போரோகேட். தெருவின் பாதியில் ஒரு சின்ன வாசல். அதற்குள் குனிந்து போனால் கூழாங்கல் பாவிய முற்றம், சுற்றிலும் குட்டிக் குட்டி வீடுகள், வாசலுக்கு வாசல் பூந்தொட்டி. விதவைகளுக்காக லேடி ஆன் கிளிஃபர்ட் 1650-களின் தொடக்கத்தில் எழுப்பிய இல்லம் அது. அப்பாவின் சொத்து பெண்ணுக்கு இல்லை என்று தள்ளியவர்களோடு பல பத்தாண்டுகள் போராடி, 1643-இல்தான் அதைக் கைக்குக் கொண்டுவந்தவர் அவர். அதன் பிறகு இடிந்து கிடந்த கோட்டைகளையும் தேவாலயங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினார். ஊர்த் தேவாலயத்தில் லேடி ஆனும் அவருடைய அம்மாவும் இருவருமே அடக்கம். அந்த முற்றத்தில் இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள், சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வரவேண்டும்.

ஊருக்கு வெளியே இருப்பதை ஓக்கம் போல் சும்மா கொடுத்துவிடாது ஆப்பிள்பி. ஹை கப் நிக் என்ற பள்ளத்தாக்கைப் பார்க்க, முதலில் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டஃப்டன் கிராமத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஏறி இறங்க சுமார் 13 கிலோமீட்டர் நடை. பேருந்தை நம்ப முடியாது. நான் ஊரிலிருந்தே நடந்தேன். பாதை ஏறி ஏறி, புல்மேடு சட்டென்று முடிகிற இடத்தில் கால் தானாக நின்றுவிட்டது. கீழே பனியாறு குடைந்த பள்ளம் லாடம் போல வளைந்து கிடக்கிறது. விளிம்பு முழுக்கக் கரும்பாறைத் தூண்கள். காற்று பேசவிடவில்லை. இங்கே வடகிழக்கிலிருந்து மலை இறங்கி அடிக்கும் காற்றுக்கு 'ஹெல்ம்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நல்ல காலணியும் மழைக்கோட்டும் இல்லாமல் போகாதீர்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு இந்த நடை வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஓக்கம் பரவாயில்லை, இந்திய உணவகமும் உண்டு. ஆப்பிள்பியில் ஒருமுறை இரவு எட்டரைக்குத் தங்கும் விடுதிக்குத் திரும்பினேன். சமையலறையை மூடிவிட்டார்கள், ரொட்டியும் வாழைப்பழமும்தான் கிடைத்தது. ஏழு மணிக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். ஜூன் தொடக்கத்தில் குதிரைச் சந்தை நடக்கும். நாடு முழுவதிலிருந்தும் ஜிப்சி குடும்பங்கள் வந்து ஈடன் ஆற்றில் குதிரைகளைக் குளிப்பாட்டுவார்கள். அதைப் பார்க்க விரும்பினால் பல மாதம் முன்பே அறை பிடிக்க வேண்டும். அமைதி வேண்டும் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பெரியவர்கள், குழந்தைகள், ஒரே ஒரு இரவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓக்கம். நன்றாக நடக்க முடிந்தவர், இரண்டு இரவு தங்க முடிந்தவர் என்றால் ஆப்பிள்பிக்குப் போங்கள். அடுத்த மே மாதம் அம்மா வரும்போது மறுபடி அந்தக் குடிலுக்குத்தான் அழைத்துப் போகப்போகிறேன், அவளே கேட்டுவிட்டாள். எனக்கென்று எடுத்து வைத்திருக்கும் செப்டம்பர் விடுமுறைக்கு லீட்ஸ் வழியாக டிக்கெட் போட்டாயிற்று.