சூப்பர்சார்ஜர் கிட் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கலிபோர்னியாவில் சுபாரு பிஆர்இசட், டொயோட்டா 86, சயான் எஃப்ஆர்-எஸ் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு சூப்பர்சார்ஜர், அதாவது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தியைக் கூட்டும் கருவி, மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 2014 பிஆர்இசட். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது கையை விட்டுப் போனது 5,200 டாலர். அதைவிட, ஆசையாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டியை ஏழு மாதம் பயந்து பயந்து ஓட்டினேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

இந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு அதன் குறை தெரியும். 2 லிட்டர் பாக்ஸர் இஞ்சின், 200 குதிரைத்திறன். வளைவில் திரும்புகிற சுகத்துக்கு ஈடே கிடையாது, ஆனால் இஞ்சின் சுழலும் வேகம் 3,500 ஆர்பிஎம்மிலிருந்து 4,500 வரை இருக்கும்போது இழுவை தொய்ந்துபோகும், ஹைவேயில் ஏறும்போது மிதித்தால் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது. அதைச் சரிசெய்யத்தான் கிட் தேடினேன். நான் ஒப்பிட்டுப் பார்த்தது இரண்டு வகை. ஒன்று எடல்பிராக் கிட், ஈட்டன் ரோட்டார் வகை, இஞ்சின் மேலேயே உட்காரும், கீழ் ஆர்பிஎம்மிலிருந்தே இழுவை கிடைக்கும். இன்னொன்று ஜாக்சன் ரேசிங் கிட், ரோட்ரெக்ஸ் என்கிற சென்ட்ரிஃபியூகல் வகை, ஆர்பிஎம் ஏற ஏறத்தான் பூஸ்ட், அதாவது காற்றின் அழுத்தம், ஏறும், கம்பெனி வண்டியின் குணம் பெரிதாக மாறாது, இஞ்சினுக்கும் அதிர்ச்சி குறைவு. இந்த இஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தும் விகிதம், ஏற்கெனவே அதிகம், 12.5க்கு 1, நமக்கு இங்கே பங்கில் கிடைப்பது 91 ஆக்டேன் பெட்ரோல். இப்படிப்பட்ட இஞ்சினில் கண்டபடி பூஸ்ட் ஏற்றினால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும், நாக்கிங்கை விட்டுவைத்தால் பிஸ்டன் போகும். அதனால் நிதானமான ரோட்ரெக்ஸ் கிட்டே போதும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

தப்பு நடந்தது ஒர்க்‌ஷாப்பில். பெயர் சொல்லப் போவதில்லை. நண்பர் ஒருவர் சொல்லித்தான் போனேன், உரிமையாளர் நன்றாகப் பேசினார், ஒரு மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிட்டுக்கு 5,600, மாட்டி ட்யூன் செய்ய, அதாவது அதற்கேற்ப இஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்ற, 2,600 என்று சொல்லி கிட்டின் முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் என்றவர் இரண்டரை மாதம் இழுத்தார். அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டு, நீங்கள் கேட்ட கிட் ஸ்டாக் இல்லை, அதே கம்ப்ரசர், அதே தரம், வேறு கிட் இருக்கிறது, கலிபோர்னியாவில் சட்டப்படி செல்லும், இன்னும் 20 குதிரை அதிகமாகவே கிடைக்கும் என்றார். நானும் காத்திருந்து அலுத்துப்போய் சரி என்றேன். அந்தச் சரியை எழுத்தில் கேட்காமல் வாயால் சொன்னதுதான் நான் செய்த பெரிய பிழை.

இந்தச் "சட்டப்படி செல்லும்" என்பதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலருக்கு இது தெரியவில்லை. கலிபோர்னியா காற்றுவள வாரியம், கார்ப் என்பார்களே, அது ஒவ்வொரு கிட்டையும் சோதித்து எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் என்று ஓர் எண் கொடுக்கும், டி என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எண் இல்லாத சூப்பர்சார்ஜரை ரோட்டில் ஓடும் வண்டியில் மாட்டுவது வாகனச் சட்டம் 27156வது பிரிவின்படி குற்றம். எண் இருந்தால் மட்டும் போதாது. எந்த மாடல், எந்த வருடம், எந்த புல்லி (சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் சக்கரம்), எந்த ட்யூன் என்று அந்த ஆர்டரிலேயே எழுதியிருக்கும். அதில் ஒன்றை மாற்றினாலும் அந்த அனுமதி உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஆர்டர்கள் எல்லாம் கார்ப் தளத்திலேயே இருக்கின்றன, எண்ணைப் போட்டால் வந்துவிடும், ஐந்து நிமிட வேலை.

வண்டி கைக்கு வந்த அன்றே பானெட்டைத் திறந்து எண் போட்ட ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டேன். பெட்டியோடு இருக்கும், தேடித் தருகிறேன் என்றார். இஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ சோதனையின் காகிதத்தைக் கையில் கொடுத்தார், கோடு அழகாக மேலே ஏறியிருந்தது, நானும் அதைப் பார்த்துச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஆகஸ்ட் வெயிலில் 580 ஹைவேயில் ஆல்டமான்ட் மேட்டில் ஏறும்போது, டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். காலை எடுத்தால் நிற்கும், மிதித்தால் திரும்ப வரும். போன் செய்தால் பாக்ஸர் இஞ்சின் அப்படித்தான் சத்தம் போடும் என்றார். ஒன்பது வருடம் அதே இஞ்சினை ஓட்டியவனிடம் அதைச் சொன்னார்.

அடுத்த மாதம் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க ஸ்மாக் செக், அதாவது புகைச் சோதனை. அங்கேயே விழுந்தது. ஸ்டிக்கர் இல்லாததால் கண்பார்வைச் சோதனையில் ஃபெயில். கூடவே ஈசியு என்கிற இஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளும் ஃபெயில். 2021 ஜூலை 19இலிருந்து ஸ்மாக் நிலையங்கள் வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பது கம்பெனி மென்பொருளா, அல்லது கார்ப் அனுமதித்த மென்பொருளா என்று பார்க்கின்றன, இரண்டும் இல்லையென்றால் புகை சுத்தமாக இருந்தாலும் தேறாது. ஒர்க்‌ஷாப்காரர் என் வண்டியில் ஏற்றியது அவரே செய்த ட்யூன்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், பொறுமையான மனிதர், எல்லாவற்றையும் எனக்குக் காட்டிக் காட்டிப் பிரித்தார். கிட் பல இடங்களிலிருந்து சேர்த்த பாகங்கள், கம்ப்ரசர் ஏற்கெனவே ஓடியது. பூஸ்ட் அதிகமாக வரவேண்டும் என்று சின்ன புல்லி போட்டிருந்தார்கள், ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன அந்த 20 குதிரை அதிலிருந்து வந்ததுதான். ஈசியுவின் பதிவுகளை (லாக்) எடுத்துப் பார்த்தால் வெயிலில் மூன்றாவது கியரில் ஈசியு நாக்கிங்குக்குப் பயந்து டைமிங்கை, அதாவது ஸ்பார்க் கொடுக்கும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. ரோட்ரெக்ஸுக்கு அதற்கென்றே தனி எண்ணெய், தனிக் குழாய் உண்டு, அந்தக் குழாய் ரேடியேட்டர் ஃபேன் கூட்டில் உரசி பாதி தேய்ந்திருந்தது. இன்னும் சில நூறு மைல் ஓடியிருந்தால் எண்ணெய் மொத்தமும் ரோட்டில் கொட்டியிருக்கும். என் மகளைப் பள்ளியில் விடும் வண்டி அது.

கிட்டைக் கழற்றி, கம்பெனி மென்பொருளைத் திரும்ப ஏற்றி, ஸ்மாக் தேற 1,100 டாலர் ஆனது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒர்க்‌ஷாப்காரர் ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "ரோட்டுக்கு வெளியே ஓட்ட மட்டும்" என்று இருப்பதைக் காட்டினார். ஆனால் மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புத் துறை, பார் என்பார்கள், அதன் விதிப்படி வேலை தொடங்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட் தரவேண்டும், பழைய பாகம் போட்டால் ரசீதில் பழையது என்று எழுதவேண்டும். என் ரசீதில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. பாரில் புகார் கொடுத்தேன், கூடவே ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். 2024இலிருந்து அங்கே தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். விசாரணைத் தேதிக்கு நான்கு நாள் முன்பு அவரே கூப்பிட்டு 4,100 தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார். வீட்டுச் சூழ்நிலையில் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் முதலில் பார் தளத்தில் அதன் லைசென்ஸைப் பாருங்கள். எஸ்டிமேட்டில் கிட்டின் பெயர், பார்ட் நம்பர், டி எண், புதியதா பழையதா எல்லாம் எழுதச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பெட்டி வந்ததும் மாட்டும் முன் நேரில் போய்ப் பிரித்துப் பாருங்கள், ஸ்டிக்கர் அதற்குள் இருக்கவேண்டும். கழற்றும் கம்பெனி பாகங்களை விடாமல் கேட்டு வாங்கி வையுங்கள், எனக்கு ஏர்பாக்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை, அதற்குத் தனியாக அலைந்தேன். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு ஸ்டிக்கர் இல்லாமல் தவிக்கிறவர்கள் இருந்தால் எழுதுங்கள், பார் புகாருக்கும் கோர்ட்டுக்கும் நான் கொடுத்த காகிதங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன்.