அம்மாவுக்கு மனசுதான் சரியில்லை என்றார்கள்

மே மாதம் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் போய் வந்ததும் பேங்க் வேலை, ஆதார் திருத்தம், பத்திர ஆபீஸ் என்று எங்கே வேலை சுலபமாக முடிந்தது, எங்கே அலைந்தேன் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை சொல்ல ஒரே விஷயம்தான், அது ஆஸ்பத்திரி விஷயம். வெளிநாட்டில் இருந்துகொண்டு போனிலேயே அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நீளமாகத்தான் வரும்.

எங்களுக்கு முசிறிப் பக்கம். அம்மாவுக்கு 71 வயது. அப்பா போன புரட்டாசியில் தவறினார். அதற்கப்புறம் அம்மா அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், பக்கத்துத் தெருவில் சித்தி. தம்பி ஓசூரில், நான் மெல்போர்னில். அப்பா போன பிறகும் அம்மா தைரியமாகத்தான் இருந்தார், பால் கணக்கு எழுதுவதில் இருந்து தென்னைக்குத் தண்ணீர் விடுவது வரை எல்லாம் அவர் பார்வையில்தான் நடந்தது.

சித்திரை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், போனில் அம்மாவின் பேச்சு குறைய ஆரம்பித்தது. கேட்டதற்கு ம் என்பார். பேரன் பெயரை மாற்றிச் சொன்னார். சாப்பாடு இறங்கவில்லை, பகலெல்லாம் படுத்தே இருக்கிறார் என்று சித்தி சொன்னார். ஒரு நாள் ராத்திரி அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாசல் லைட்டை ஏன் அணைச்சீங்க என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், ஊரே முடிவு கட்டிவிட்டது. "மாமாவை நினைச்சு உள்ளுக்குள்ளயே புழுங்கிட்டா, இப்ப புத்தி பேதலிச்சிடுச்சு." சித்தி திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். வெளியே கூட்டம், உள்ளே ஐந்து நிமிடம். கணவர் இறந்து ஏழு மாதம், சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, செத்தவரோடு பேசுகிறார் என்றால் யாருக்கும் அதுதானே தோன்றும். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று. சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி என்னைக் கேட்டார்கள். நானும் சரி என்றுதான் சொன்னேன். அதை இன்றைக்கும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ஒருத்தி மட்டும் வேறு மாதிரி சொன்னாள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கிற பெண், எங்கள் ஊர்க்காரத் தங்கச்சி. 2021-ல் அந்தத் திட்டம் வந்தபோது இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று பேசியவர்களில் நானும் உண்டு. அந்தத் தங்கச்சி சித்தியிடம், "அம்மாவுக்கு நடை தள்ளாடுதுங்க, மனசு கஷ்டத்துல பேச்சு குறையலாம், கால் ஏன் பின்னணும்? பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிருங்க" என்றிருக்கிறாள். யாரும் காதில் வாங்கவில்லை.

நான் போய் இறங்கியபோது மாத்திரை ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அம்மா அடுப்படியில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் டம்ளரும் காலி, டவராவும் காலி. கையை உயர்த்தி, இறக்கி, ஒரு சொட்டுகூட இல்லாத காபியை நிதானமாக ஆற்றிக்கொண்டிருக்கிறார். அம்மா என்றேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். என்னை வாங்க என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ராத்திரி இரண்டு முறை வாந்தி எடுத்து, பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். 108-க்குப் போன் செய்தோம், இருபது நிமிடத்தில் வந்தது. ஆம்புலன்ஸில் வந்த தம்பி விரலில் குத்தி சுகர் பார்த்தார், பிரஷர் பார்த்தார், பதறாமல், "அக்கா, அம்மா சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் போன இடத்தில் நான் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்ததுமே கையில் இருந்த மனநல மருத்துவர் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஏற்கனவே சைக்கியாட்ரி டிரீட்மென்ட்ல இருக்காங்களா? அப்ப காலையில அவரையே போய்ப் பாருங்க." வாந்தி என்றேன், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். விழுந்தார் என்றேன், தூக்க மாத்திரை மயக்கம் என்றார்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. அந்தச் சீட்டு கையில் இருக்கிறவரை அம்மாவுக்கு என்ன வந்தாலும் அது மனசுக் கணக்கில்தான் எழுதப்படும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்துப் போன இடத்தில் இரவுப் பணியில் ஒரு இளம் டாக்டர், வயது இருபத்தெட்டுகூட இருக்காது. அவர் சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "இது ஆரம்பிச்சு எத்தனை நாள் ஆகுது? அதுக்கு முன்னாடி பாட்டி எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார். மூன்று வாரம், அதற்கு முன்னால் வீட்டுக் கணக்கெல்லாம் அவர்தான் எழுதுவார் என்றேன். "மூணு வாரத்துல இப்படி ஆகணும்னா முதல்ல ரத்தத்தைப் பார்க்கணும்மா" என்றவர், மஞ்சள் பையை வாங்கிக் கட்டில் மேல் கவிழ்த்தார். எல்லாம் கத்தரித்த அட்டைகள். நம் மருந்துக்கடைகளில் ஐந்து மாத்திரை, ஆறு மாத்திரை என்று வெட்டிக் கொடுப்பதால் பெயர் ஒரு துண்டிலும் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடுகிறது. பிரஷர் மாத்திரை அட்டையில் பாதிப் பெயரும் கடைசியில் ஒரு 'ஹெச்' எழுத்தும்தான் மிச்சம். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொடி எழுத்தைப் படித்தார்: ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது நீர் பிரிகிற மருந்து. "இந்த ஹெச் எப்ப சேர்ந்துச்சு? முன்னாடியும் இதேதானா?"

சித்தி அப்போதுதான் சொன்னார். சித்திரை முதல் தேதி வாக்கில் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது என்று, எப்போதும் காட்டுகிற டாக்டர் அதே மாத்திரையில் நீர் பிரிகிற மருந்து சேர்ந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார். கூடவே உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். சித்தி உப்பை அடியோடு நிறுத்திவிட்டார். உப்பில்லாக் கஞ்சி, அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர்.

ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் சோடியம் 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கு 112.

அந்த டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நீர் பிரிகிற மாத்திரை சிறுநீரில் உப்பை வெளியேற்றும், வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சில பேருக்கு அது அளவுக்கு மீறிப் போய்விடும். சாப்பாட்டில் உப்பு இல்லை, மேலே மேலே தண்ணீர், ரத்தம் நீர்த்துப் போகிறது. சோடியம் குறைந்தால் தண்ணீர் மூளை அணுக்களுக்குள் இறங்கி மூளை வீங்கும். அதனால்தான் மந்தம், குழப்பம், தள்ளாட்டம், வாந்தி. அதற்கு மேல் போனால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை, எஸ்சிட்டலோபிராம், அதுவும் சில பேருக்கு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்து சோடியத்தை இன்னும் இறக்கும். அதாவது அம்மா சரியாக வேண்டும் என்று நாங்கள் கொடுத்ததே அவரைக் கீழே தள்ளியிருக்கிறது.

உடனே உப்பை ஏற்றிவிடுங்கள் என்று தம்பி போனில் கத்தினான். அது முடியாதாம். மூன்று சதவீத உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, கணக்குப் பார்த்துத்தான் விடுவார்கள். இத்தனை நாளாகக் குறைந்து கிடந்ததை 24 மணி நேரத்தில் எட்டு, மிஞ்சிப் போனால் பத்துக்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டு நரம்புகளின் உறை கெட்டு, கைகால் வராமலே போகலாம் என்றார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். 112, மறுநாள் 118, அதற்கு மறுநாள் 124. தண்ணீரை அளந்து கொடுத்தோம். எனக்கு ஒவ்வொரு எண்ணும் பரீட்சை ரிசல்ட் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் விடிகாலையில் அம்மா கண் திறந்து, என் கையைத் தடவிப் பார்த்து, "நீ எப்படி வந்தே? பால்காரனுக்குக் காசு குடுத்தாச்சா?" என்றார். நான் வார்டுக்கு வெளியே போய் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பால் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சித்திரை 1, 2, 3 என்று முத்து முத்தான கையெழுத்து, அரை லிட்டர், முக்கால் லிட்டர். எட்டாம் தேதி எழுத்து சாய்கிறது. பத்தாம் தேதியை மூன்று வரி எழுதியிருக்கிறார். பன்னிரண்டுக்கு அப்புறம் வெறும் கோடு. மருந்துக்கடை ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாத்திரை மாறி ஒரு வாரத்தில் கை தடுமாற ஆரம்பித்திருக்கிறது. எல்லாம் அடுப்படி மாடத்தில்தான் இருந்தது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அம்மா பிறகு ஒன்று சொன்னார். "நீங்க பேசிக்கிட்டது கொஞ்சம் கொஞ்சம் காதுல விழுந்துச்சு. பைத்தியம்னு சித்தி சொன்னதும் விழுந்துச்சு. இல்லடின்னு சொல்லணும்னு இருந்துச்சு, வார்த்தைதான் வரல."

வசதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், ஊரில் எதற்கும் குறைவில்லை. ஒரு போன் போட்டால் காலை ஆறரைக்கு லேப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறான், மத்தியானம் ரிசல்ட் போனில் வருகிறது. சோடியம், பொட்டாசியம் பார்க்க நாங்கள் கொடுத்தது 400 ரூபாய். நானூறு ரூபாயில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் மூன்று வாரம் தெரியாமல் இருந்தது, ஏனென்றால் பிரஷர் டாக்டருக்கு மனநல மருத்துவர் என்ன எழுதினார் என்று தெரியாது, அவருக்கு இவர் மாற்றியது தெரியாது, எல்லா மாத்திரையையும் பார்த்தது அந்த மஞ்சள் பை மட்டும்தான். மெல்போர்னில் ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் என் பெயரும் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதும் ஒட்டித்தான் தருவார்கள். அதை ஒரு பெரிய விஷயமாக நான் நினைத்ததே கிடையாது.

மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வயசானவங்களுக்கு திடீர்னு வந்தா நான் சோடியம், தைராய்டு, பி12, சுகர் பார்த்துட்டுத்தான் மருந்து எழுதணும். அன்னைக்கு அந்த டெஸ்ட்டை எழுதாம விட்டுட்டேன்" என்றார். சாக்குச் சொல்லவில்லை, அதனால் என்னால் மேலே பேச முடியவில்லை. சிறுநீர்த் தொற்று வந்தாலும் வயதானவர்கள் இப்படி உளறுவார்கள், எப்போதோ தலையில் அடிபட்டு உள்ளே மெல்ல ரத்தம் கசிந்தாலும் இப்படி ஆகும் என்று அவரே விளக்கினார். வந்த பிறகு தேடிப் படித்தேன். தைராய்டு குறைந்து புத்தி மாறியவர்கள் 14 பேரைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1949-லேயே எழுதியிருக்கிறார், தைராய்டு மருந்து கொடுத்ததில் பெரும்பாலானோர் தேறியும் இருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையையோ மனநல மாத்திரையையோ சொந்தமாக நிறுத்திவிடாதீர்கள். அதே மாத்திரையை ஒரு தொந்தரவும் இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். மனச்சோர்வும் நிஜமான நோய்தான், மருந்து வேண்டியவர்களுக்கு வேண்டும். திடீரென்று ஆள் மாறினால் மட்டும், எந்தத் தேதியில் மாறியது, அதற்கு முன் என்ன மருந்து புதிதாகச் சேர்ந்தது என்று கேளுங்கள், ரத்தம் பார்க்காமல் விடாதீர்கள். மாத்திரையை முழு அட்டையாக வாங்கச் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால், மனநிலை சரியில்லாதவர்களைத் தங்க வைத்து வேண்டிக்கொள்கிற குணசீலம் பெருமாள் கோவிலுக்குப் போனோம். அம்மா குணமானால் கூட்டி வருகிறேன் என்று சித்தி வேண்டியிருந்தார். முதலில் சித்தி 48 நாள் அங்கேயே தங்க வைக்கலாம் என்றவர்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அக்காவுக்காக மூன்று வாரம் தூங்காமல் கிடந்தவர். உச்சிகால பூஜை முடிந்து தீர்த்தம் தெளித்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமாளைப் பார்த்தபடியே நின்றார். எங்களுக்குப் பக்கத்தில் பெரம்பலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், அறுபது வயதுக் கணவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். முகம் ஊதி, குரல் கரகரத்து, அந்த வெயிலிலும் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார் அந்த ஐயா. மாசி மாதத்திலிருந்து யாரோடும் பேசுவதில்லையாம், யாரோ செய்வினை வைத்துவிட்டார்களாம்.

"ரத்தம் எடுத்துப் பார்த்தீங்களாம்மா?"

"சுகர் பார்த்தோம்மா. அது இல்லைன்னுட்டாங்க."

என் கையில் இருந்த அர்ச்சனைச் சீட்டைத் திருப்பி, தைராய்டு, சோடியம், பி12 என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எந்த டாக்டர் என்றாலும் இதைக் காட்டுங்கள் என்றேன். அவர் அதை எழுத்துக் கூட்டி ஒருமுறை வாசித்துவிட்டு, குங்குமப் பொட்டலத்தோடு சேர்த்து மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.