ரீலொகேஷன் கம்பெனியின் ‘ஏரியா டூர்’: எங்களைப் போன்ற வீட்டுக்கு எந்த அளவு உதவும்?

அமெரிக்காவில் வேலைக்காக ஊர் மாறினால், புதுக் கம்பெனி ஒரு ரீலொகேஷன் நிறுவனத்தின் கையில் நம்மை ஒப்படைத்துவிடும். சாமான் ஏற்றி இறக்குவது, தற்காலிக வீடு பிடிப்பது, இதோடு ஒரு நாள் ‘ஏரியா டூர்’. ஆலோசகர் ஒருவர் காரில் கூட்டிப்போய்க் குடியிருப்பு, பள்ளிக்கூடம், கடைகண்ணி எல்லாம் காட்டுவார். நாங்கள் போன நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். அந்த மூன்று எங்கிருந்து வந்தது, மீதி இரண்டு ஏன் போனது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம்.

நான் மதுரைப் பக்கம். வீட்டுக்காரர் ஓஹையோவில் பிறந்த வெள்ளைக்காரர். மூத்தவன் நாங்கள் பெற்றவன். சின்னவள் கைக்குழந்தையாகத் தத்து வந்தவள், கறுப்பினப் பெண். அயோவாவில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். நல்ல மனிதர்கள், பனி கொட்டினால் கேட்காமலே வந்து வாசலை வழித்துவிட்டுப் போவார்கள். ஆனால் அவளுக்குப் பின்னல் போட இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வகுப்பு போட்டோவில் அவளைத் தேடவே வேண்டாம். “இந்த ஊர்ல என்னை மாதிரி பெரியவங்களே கிடையாதாம்மா?” என்று ஒருநாள் கேட்டாள். பிள்ளைகளைக் கேட்கவில்லை, பெரியவர்களைக் கேட்டாள். டாக்டர், டீச்சர், பஸ் டிரைவர், யாராவது. பால்டிமோர்-வாஷிங்டன் பக்கம் எனக்கு வேலை வந்தபோது சம்பளத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே சரி சொன்னதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

டூருக்கு முந்தைய வாரம் ஒரு படிவம் அனுப்பினார்கள். எத்தனை படுக்கையறை, ஆபீஸுக்கு எவ்வளவு தூரம், நாய் உண்டா, பள்ளிக்கு எத்தனை மதிப்பெண் இருக்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. எங்களுக்கு வேண்டியது எந்தக் கட்டத்திலும் இல்லை. ‘இதர குறிப்புகள்’ என்ற இடத்தில் எழுதினேன்: எங்கள் மகள் கறுப்பினக் குழந்தை, அவள் தனித்துத் தெரியாத தெரு வேண்டும்.

டூர் அன்று ஆலோசகர் அம்மா சரியான நேரத்துக்கு வந்தார், சிரித்த முகம், எல்லாத் தெருவும் அத்துபடி. காரில் ஏறியதும் நான் நேராகவே கேட்டேன், இந்தப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் எந்த அளவு இருக்கிறார்கள் என்று. “அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லக்கூடாது, மன்னிக்கணும்” என்றார். அதற்குமேல் எவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்டும் பிடி கொடுக்கவில்லை. மூத்தவன் பின்சீட்டில் இருந்து, “அவங்க கண்ணுக்கு நாமெல்லாம் எப்படிம்மா தெரியுறோம்?” என்றான் தமிழில்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1968இல் வந்த ‘நியாயமான வீட்டுவசதிச் சட்டம்’ (Fair Housing Act), மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் கையெழுத்தானது. அதற்கு முன்னாலும் ரொம்ப நாள் பின்னாலும், வீட்டுத் தரகர்கள் கறுப்பினக் குடும்பங்களை ஒரு பக்கமும் வெள்ளைக் குடும்பங்களை ஒரு பக்கமும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்கத்தான், இனத்தைச் சொல்லி வாடிக்கையாளரை ஒரு தெருவுக்கு இழுப்பதோ ஒரு தெருவிலிருந்து விலக்குவதோ சட்டத்துக்கு விரோதம். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் விரோதம்தான். ஆக, இனம் பிரிப்பதைத் தடுக்க வந்த சட்டம், இனம் கலந்த வீட்டுக்காரி கேட்கும்போதும் வாயைக் கட்டிவிடுகிறது. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது முன்பே தெரிந்த விஷயம்தானே? படிவத்தில் நான் எழுதியதைப் படித்த யாராவது, “இதை நாங்கள் சொல்ல முடியாது, இன்ன இடத்தில் நீங்களே பாருங்கள்” என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டிருக்கலாம். அதற்காக ஒரு நட்சத்திரம் போனது.

இன்னொரு நட்சத்திரம் போனது ‘நல்ல ஸ்கூல்’ பஜனையில். காலை முழுக்க அதே பாட்டுதான். இந்த ஏரியா ஸ்கூலுக்குப் பத்துக்கு ஒன்பது, அந்த ஏரியா ஸ்கூலுக்குப் பத்துக்குப் பத்து. அந்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு தேர்வு முடிவு, தேர்வு முடிவில் பெரும்பங்கு பெற்றோரின் வருமானம். நம் ஆட்கள் அந்த எண்ணைப் பார்த்தே வீடு வாங்குகிறார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. என் புடவைப் படத்தை லிங்க்ட்இன்னில் பார்த்துவிட்டுத்தான் அந்த வரிசையைத் தயார் செய்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம், போகட்டும்.

மதியத்துக்குமேல் நான் கேள்வியை மாற்றினேன். ஆட்களைக் கேட்பதை விட்டுவிட்டு இடங்களைக் கேட்டேன். சின்னப் பெண்ணுக்குப் பின்னல் போடுகிற சலூன் எது? சுருள்முடிக்கான எண்ணெயும் சாட்டின் தொப்பியும் எந்தக் கடையில் கிடைக்கும்? பிள்ளைகள் சனிக்கிழமை கூடுகிற நூலகம் எது? இதற்கெல்லாம் மளமளவென்று பதில் வந்தது. அவர் காட்டிய ஒரு சலூனில் அன்றைக்கே நுழைந்தோம். நாற்காலியில் இருந்த பெண்களில் ஒருவர்கூட நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. சலூன்காரம்மா என்னிடம் ஒன்றும் கேட்காமல், குனிந்து சின்னவளிடம் கேட்டார், “உனக்கு எப்படி வேணும் கண்ணு, முத்து கோக்கணுமா?” அவள் ஊதா முத்து என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள், சொன்னது சரிதானா என்று. முடியைப் பற்றி அதுவரை யாரும் அவளிடமே கேட்டதில்லை, எப்போதும் என்னைத்தான் கேட்பார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகவே மூன்று நட்சத்திரத்தில் ஒன்றரையை எழுதிக்கொள்ளுங்கள்.

டூர் தராத தகவலை இலவசமாகத் தருகிற இரண்டு இடங்கள் உண்டு, இரண்டும் அரசாங்கத்துடையவை. தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் தளத்தில் பள்ளியின் பெயரைத் தட்டினால் எந்த இனத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வந்துவிடும். ஊர்க் கணக்கை நம்பாதீர்கள். ஊர் கலந்திருக்கும், பள்ளி கலந்திருக்காது. பள்ளிக் கணக்கையும் முழுதாக நம்பாதீர்கள். கல்வித் துறையின் குடிமை உரிமைத் தரவுத் தொகுப்பு (Civil Rights Data Collection) என்று ஒன்று இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான உயர்திறன் வகுப்புகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரை இடைநீக்கம் செய்கிறார்கள் என்று இனவாரியாக அதில் போட்டிருக்கும். எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பள்ளி வாசலில் பார்க்கும்போது எல்லா நிறமும் கலந்துதான் இருந்தது. உள்ளே கணக்கைப் பார்த்தால் உயர்திறன் வகுப்பில் ஒரு நிறம், தண்டனைப் பட்டியலில் இன்னொரு நிறம். பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டோம்.

கடைசியில் போய்ச் சேர்ந்தது மேரிலாந்தில் உள்ள கொலம்பியா. ஜேம்ஸ் ரௌஸ் என்பவர் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். எல்லா இனத்தவரும் வாங்கலாம் என்று சொல்லி 1967இல் திறந்தார், சட்டம் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே. அக்கம்பக்கத்தார் சந்தித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தபால் பெட்டிகளைக்கூட வீட்டுக்கு ஒன்றாக வைக்காமல் தெருவில் ஒரே இடத்தில் கூட்டி வைத்தார். மழையில் நடந்துபோய் எடுப்பது எரிச்சல்தான். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியையை நாங்கள் சந்தித்தது அங்கேதான். ஓய்வுபெற்ற கறுப்பின அம்மா, சின்னவளின் வீட்டுப்பாடத்தில் தானாகவே மூக்கை நுழைக்கிறார், எனக்கு ரொம்ப சௌகரியம்.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கொலம்பியாவில் பகுதிக்குப் பகுதி வருமானம் மாறும். ‘பண்போடு இருப்போம்’ என்று கார்களில் ஸ்டிக்கர் ஒட்டுகிற இதே ஹோவர்ட் கவுண்டியில்தான், ஏழைப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் குவியாமல் எல்லையை மாற்றி வரைய 2019இல் முயன்றபோது பெரிய சண்டையே நடந்தது. பள்ளி எல்லையைப் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லை நகரும். வீட்டு வரிக்கு மேலே கொலம்பியா சங்கத்துக்கு வருடாந்திரக் கட்டணம் ஒன்றும் தனியாகக் கட்ட வேண்டும். டூரில் அதை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கம் தமிழர்கள் நிறைய, லேன்ஹாமில் சிவா விஷ்ணு கோவில் அரை மணி நேரம்தான். வரிசையில் நின்ற ஒரு பாட்டி, “யாரு பொண்ணும்மா இது?” என்றார். “என் பொண்ணுதான் பாட்டி.” “அப்படியா, பேரென்னடா ராஜாத்தி?” அவ்வளவுதான், விபூதி பூசிவிட்டு நகர்ந்துவிட்டார். இன்னொரு வீட்டு விருந்தில் ஒரு மாமி, “நம்ம ஊர்லயே ஒண்ண எடுத்திருக்கலாமே” என்று அவள் காதுபடவே சொன்னார். எல்லா இனமும் இருக்கிற ஊருக்குக் குடிபோனாலும், நிறம் பார்க்கிற நம் பழக்கம் பெட்டியோடு கூடவே வரும். அந்த வீட்டுக்கு அப்புறம் போகவில்லை.

தத்தெடுத்த நாளில் இதையெல்லாம் எங்களிடம் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. இனத்தைக் காரணம் காட்டித் தத்துக் கொடுப்பதைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று 1994இல் ஒரு சட்டம் வந்து, 1996இல் இன்னும் இறுக்கப்பட்டது. மத்திய அரசின் பணம் வாங்குகிற அமைப்புகளுக்கு அது பொருந்தும். அதற்கு முன்பே, 1972இல், கறுப்பின சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் தங்கள் குழந்தைகளை வெள்ளையர் வீடுகளில் வைப்பதை எதிர்த்து அறிக்கை விட்டிருந்தது. அந்த அறிக்கையோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது, இருந்தால் என் மகள் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் குழந்தை தன் இனத்தை அறிந்து வளருமா என்று அவர்கள் எழுப்பிய கேள்விக்கு, எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பதால், முகவரியால், தத்தெடுத்த பெற்றோர் பதில் சொல்லியாக வேண்டும்.

யாருக்கு இந்த டூர் தேவை? கம்பெனி காசு என்றால் போய்வாருங்கள், காரும் வழியும் மிச்சம். சொந்தக் காசு என்றால் வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு. டூருக்குப் பதிலாகத் தற்காலிக வீட்டை இன்னும் சில வாரம் நீட்டித் தர முடியுமா என்று மனிதவளத் துறையில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கேட்டவுடன் நீட்டினார்கள். வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருங்கள். பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் நில்லுங்கள். வேலை நாளில் ஒருமுறை, சனிக்கிழமை நூலகத்தில் ஒருமுறை. பிள்ளையையும் கூட்டிப்போங்கள், முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.