இரண்டு வருடம் ஆடிய கேமை அழித்த பிறகு

போன மாதம் பேட்டரி மாற்றக் கொடுத்த போன் திரும்பி வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் எனக்கிருந்த பெரிய கவலை, கேமில் தினசரி லாகின் விட்டுப்போகிறதே என்பதுதான். பயந்தபடியே ஆனது. கேமுக்குள் நடந்த பதினான்கு நாள் திருவிழாவில் பதினோரு நாள் ஒழுங்காக வந்தவனுக்குக் கடைசிப் பரிசு இல்லை. அதே வாரம் நண்பன் ஒருவன், போனில் ஆட நல்ல ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை எடுத்து வளர்த்துக்கொண்டே ஆடும் கேம்) எது, கதை உள்ளதாகச் சொல் என்று கேட்டான்.

முதலில், நான் அழித்த அந்தப் பெரிய ஆன்லைன் கேம். பெயர் வேண்டாம். இசையிலோ குரல் நடிப்பிலோ மலையேறி நின்றால் தெரியும் தூரத்து ஊரிலோ குறை சொன்னால் அது பொய். ஒரு கிளைக்கதை முடிந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஆகாதது அந்த எனர்ஜி மீட்டர். சில நிமிடத்துக்கு ஒன்றாக ஏறும், நிரம்பிவிட்டால் அதற்கு மேல் சேராது, அதனால் நிரம்புவதற்குள் போய்ச் செலவழித்தாக வேண்டும், தூங்கும் முன் ஒரு தடவை, எழுந்தவுடன் ஒரு தடவை, இப்படியே இரண்டு வருடம். செலவழித்துக் கிடைக்கும் கவசம் நமக்கு உதவுமா என்பதும் அதிர்ஷ்டம்தான். அப்புறம் குலுக்கல், அதாவது புதுப் பாத்திரங்களைச் சீட்டு எடுப்பதுபோல அதிர்ஷ்டத்தில் எடுப்பது. எல்லோருக்கும் தெரிந்த ஜென்ஷின் இம்பாக்டையே எடுத்துக்கொள்ளுங்கள் (நான் ஆடியது அது இல்லை), பாத்திரக் குலுக்கலில் ஐந்து நட்சத்திரம், அதாவது உச்சத் தரம், விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், அதுவரை விழாவிட்டால் 90ஆவது தடவை கட்டாயம் ஒன்று வரும். இந்தக் கணக்கு தெரிந்தவனுக்கு எழுபதைத் தாண்டிய பிறகு கை நிற்காது.

போன் ரிப்பேரில் இருந்தபோது கையில் பழைய போன்தான். பெரிய கேம் அதில் ஓடாது. மூன்று வருடமாக அதில் கிடக்கும், பாதாளத்தில் தளம் தளமாக இறங்கும் சின்ன கேமான ஷாட்டர்டு பிக்சல் டஞ்சனைத் திறந்தேன். ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் கிடையாது, இணையம் வேண்டாம். நாம் ஒரு அடி வைத்தால்தான் எதிரியும் ஒரு அடி வைப்பான், நடுவில் யாராவது கூப்பிட்டால் போனைப் பையில் போட்டுவிட்டுப் போகலாம்.

மருந்துக் குப்பிகளின் நிறம் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். அன்று இரண்டாம் தளத்தில் ஒரு சிவப்புக் குப்பியைக் குடித்தேன், தீ. சுற்றிலும் புல், அதுவும் பற்றிக்கொண்டது. நாலு கட்டம் தள்ளித் தண்ணீர் தெரிந்தது, ஓடி மிதித்ததும் உடம்பில் தீ அணைந்தது, உயிர் ஒரு நூல் மிச்சம். அப்போது மனசில் வந்த நிம்மதி பெரிய கேமில் கடைசியாக எப்போது வந்ததென்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமில்லை.

ஆயுதமோ கவசமோ, அதை மேம்படுத்தும் சுருள் ஐந்து தளத்துக்கு மூன்று. காசு கொடுத்தாலும் கூடக் கிடைக்காது. எல்லாவற்றையும் கவசத்தில் போடுவதா, மந்திரக்கோலில் போடுவதா என்று யோசிக்கும் இடத்தில்தான் எனக்கு இது ஆர்பிஜி ஆகிறது.

குறையும் சொல்கிறேன். செத்தால் எல்லாம் போச்சு, மறுபடி முதல் தளம். இருபதாம் தளத்தில் ஒரு அவசரத் தட்டலில் செத்து இரண்டு வாரம் தொடாமலே இருந்திருக்கிறேன். கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. நண்பன் கேட்டதோ கதை. அதற்கு 1995இல் வந்த குரோனோ டிரிக்கர் என்ற ஆர்பிஜி போனிலேயே கிடைக்கிறது, ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், அவன் கேட்டதற்குச் சரியான பதில் அதுதான்.

ஆனாலும் அவன் போனை வாங்கி நான் போட்டுக் கொடுத்தது பிக்சல் டஞ்சன். நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது: "ஐந்தாம் தளத்தில் அந்தக் கூழ் மாதிரி இருக்கிற பெரிய எதிரி தண்ணீரில் நின்றால் உயிர் ஏறுதே, என்ன செய்யறது?" தரைக்கு இழுத்து வந்து அடி, உடம்பை உப்பிக்கொண்டால் விலகி ஓடு என்று பதில் போட்டேன்.