பெரியப்பாவின் .303-ஐப் படித்துக் காட்டிய கடை

கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் பக்கம் ஒரு பழைய துப்பாக்கிக் கடை. பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

பெரியப்பா தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர். செம்பனை (எண்ணெய்ப் பனை) கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப்போட்ட காலத்தில், துரையிடமிருந்து முறைப்படி பெயர் மாற்றி வாங்கிய .303 ரைஃபிள் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் தவறியதும் போலீசில் சொல்லி, உரிமம் உள்ள ஒரு கடையில் ஒப்படைத்தோம். அங்கே போல்ட்டைக்கூட (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற பாகம்) திறந்து பார்க்காமல், "பட்டாளத்துத் துப்பாக்கி, வெட்டிக் கெடுத்திருக்கிறார்கள், ஒன்றும் தேறாது" என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். மனது கேட்கவில்லை. அப்புறம் பேப்பர் வேலையெல்லாம் முடித்து இந்தக் கடைக்கு மாற்றினோம்.

இங்கே வேலை செய்கிற சீனப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பேச்சு முழுக்க மலாய், "தம்பி" மட்டும் தமிழ். முதலில் போல்ட்டைக் கழற்றி, தோட்டா இல்லை என்று எனக்கும் காட்டிவிட்டுத்தான் மேசையில் துண்டை விரித்தார். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்து 'ஜங்கிள் கார்பைன்' என்றுதான் வீட்டில் சொல்வார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது 1944 முதல் 1947 வரை செய்த நம்பர் 5, எடை குறைக்க இரும்பையே ஆங்காங்கே குடைந்திருப்பார்கள், குழல் முனையில் புனல் மாதிரி ஒன்று இருக்கும். இதில் இரண்டும் இல்லை.

பழைய துணியில் எண்ணெய் தொட்டு, போல்ட் கைப்பிடிக்குக் கீழே வலது பக்க இரும்பைத் துடைத்தார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் எழுத்து எழுந்து வந்தது: ஒரு கிரீடம், பி.எஸ்.ஏ. (செய்த பிர்மிங்காம் கம்பெனியின் பெயர்), 1917, மார்க் III, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். முதல் உலகப் போரில் வேலையைச் சுருக்கச் சில பாகங்களை விட்டுவிட்டுச் செய்த லீ-என்ஃபீல்டு, அதாவது பிரிட்டிஷ் பட்டாளத்து ரைஃபிள் என்பதற்கு அந்த நட்சத்திரம்தான் அடையாளமாம். இன்னொரு இடத்தில் இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றன. ஒற்றை அம்பு அரசாங்கச் சொத்து, எதிரெதிரே இரண்டு இருந்தால் பட்டாளம் விற்றுவிட்டது. குழலில் பி.என்.பி. என்று பிர்மிங்காம் சோதனைக்கூடத்து முத்திரை, கூடவே 2.222 அங்குலம், 18.5 டன். தோட்டா உறையின் நீளமும், எந்த அழுத்தத்துக்குச் சோதித்தார்கள் என்பதும் அது. இத்தனை வருடம் அந்த எண்களை விலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

குழலை அளந்தார். 25.2 அங்குலம், அசல் நீளம் அப்படியே இருக்கிறது. வெட்டியது முன்கட்டையை மட்டும்தான், அதன் நுனியில் கருமரத் துண்டு ஒன்றை இணைப்பே தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். என் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டிக் காட்டினார், எங்கேயும் தட்டவில்லை. போல்ட் கைப்பிடியிலும் உடலிலும் ஒரே எண், அதாவது போல்ட்டை யாரும் மாற்றவில்லை. அரைகுறை வேலையும் தச்சன் கை வேலையும் எப்படி வேறுபடும் என்று காட்ட, அலமாரியிலிருந்து ஒரு பேட்டர்ன் 14 எடுத்துவந்தார். அமெரிக்காவில் பிரிட்டனுக்காகச் செய்தது, குறிபார்க்கிற பின் பாகத்தைக் காக்க இரண்டு பக்கமும் காது மாதிரி இருக்குமே, அதை யாரோ வீட்டிலேயே அராவித் தள்ளியிருந்தார்கள், அரத்தின் கோடுகள் அப்படியே தெரிகின்றன. பார்க்கவே பாவமாக இருந்தது.

இந்தியாவில் தனியார் .303 வைத்துக்கொள்ள முடியாததால், இஷாப்பூர் தொழிற்சாலை இதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315 வேட்டை ரைஃபிள் செய்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மரத்துக்கு வார்னிஷ் அடித்து இரும்புக்குப் புதுக் கறுப்பு ஏற்றலாமா என்று கேட்டேன். காசு வருகிற வேலையையே வேண்டாம் என்றார். தேய்த்தால் முத்திரைகள் மழுங்கும், கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்த இடமும் போய்விடும், ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதும் என்றார். அந்தக் கறுப்பு பெரியப்பாவின் கன்னம் பட்டது.

கட்டணம் 80 வெள்ளி (ரிங்கிட்), ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததற்கு. குறை என்றால் ரசீது எழுதவே அரை மணி ஆனது, மதியம் ஒரு மணி நேரம் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். கார் நிறுத்த இடமே கிடையாது. காகிதங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே காட்டிப் பேசிக்கொண்டு போங்கள், திடீரென்று போய் நின்றால் பார்க்க மாட்டார்கள். அடுத்த வாரம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அந்த இரண்டு அம்புகளை அவனும் பார்க்க வேண்டும்.