புளூடூத்தா, வைபையா? லப்டொப் பாட்டை ஹோல் செற்றுக்கு அனுப்பும் வழிகள்

யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளின் ஹோலில் நல்ல அம்பிளிபயர் ஒன்றும் கனத்த ஸ்பீக்கர் இரண்டும் சும்மா கிடக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவோ மாமாவோ ஒரு காலத்தில் கொண்டுவந்தவை. கசெட் ஓடாது, சிடித் தட்டு திறக்காது. ஆனால் அம்பிளிபயர் பகுதி இன்னும் கல்லுப்போல இருக்கும். பாட்டெல்லாம் இப்போது லப்டொப்பில். இரண்டையும் வயர் இல்லாமல் இணைக்கப் போனால் கடைக்காரர் ஒலித்தரத்தைப் பற்றித்தான் கதைப்பார். நான் முதலில் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள் என்பேன்.

மலிவும் சுலபமும் புளூடூத் ரிசீவர்தான். கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. செற்றில் வெளியிலிருந்து பாட்டு வாங்கும் ஆக்ஸ் துளையில் மாட்டி, லப்டொப்போடு ஒரு தடவை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. ரவுட்டரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ஒலித்தரம்? பாட்டைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்பிசி முறையில் நொடிக்கு அதிகபட்சம் 328 கிலோபிட் அளவில் போகும். சிடியில் இருப்பது 1411. எண்ணைப் பார்த்தால் மோசமாகத் தெரியும். ஆனால் நம்மிடம் இருக்கும் எம்பி3 பாட்டுகளே பெரும்பாலும் 128 முதல் 320 வரைதான். பழைய ஸ்பீக்கரில் வித்தியாசத்தைப் பிடிக்கக் கூடிய காது குறைவு.

பெட்டியில் ‘எல்டிஏசி’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதற்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். அதுவும் ஒரு சுருக்கும் முறை, நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்பது உண்மை. ஆனால் விண்டோஸ் தானாக அந்த முறையில் அனுப்பாது. எஸ்பிசி, ஆப்டிஎக்ஸ், விண்டோஸ் 11 என்றால் ஏஏசி, பெரும்பாலும் அவ்வளவுதான். ஆண்ட்ராய்ட் போனில் இருந்தோ லினக்ஸில் இருந்தோ கேட்பவருக்கு மட்டும் அது பிரயோசனப்படும்.

புளூடூத்தின் உண்மையான தொல்லைகள் வேறு. வெட்டவெளியில் 10 மீற்றர் போகும் என்பார்கள். சுண்ணாம்புக் கல்லில் கட்டிய தடித்த சுவர் ஒன்று குறுக்கே வந்தால் அந்தக் கணக்கு சரிவராது. லப்டொப் எழுப்பும் எல்லாச் சத்தமும் செற்றுக்கே போகும். பாட்டின் நடுவே மெசேஜ் வந்த ‘டிங்’ ஹோல் முழுக்கக் கேட்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பாட்டை யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கில் வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால், அந்த வயர் கக்கும் இரைச்சல் புளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விழும். பாட்டு விட்டு விட்டு வரும். ரிசீவரைக் குறை சொல்லும் முன் டிஸ்க்கைத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

லப்டொப் ஒரு அறையிலும் செற் வேறு அறையிலும் இருந்தால் வைபைதான். நாற்சார் வீடு என்றால் இன்னும் வசதி, முற்றத்தின் வெளியால் அலை தாராளமாகப் போகும். சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் 5 கிகாஹேர்ட்ஸை விட 2.4 மேல். இதில் ஒரு பயமும் இருக்கிறது: “டேட்டா முடிந்துவிடுமே!” டிஸ்க்கில் உள்ள பாட்டு ரவுட்டரோடு திரும்பிவிடும், டேட்டா போகாது. யூடியூப், ஸ்பொட்டிபை கேட்டால்தான் போகும்.

வைபையில் வரும் பாட்டை வாங்கிச் செற்றுக்குக் கொடுக்கும் இரண்டு பழைய சாமான்களுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அப்பிள் 2004இல் கொண்டுவந்து 2018இல் நிறுத்திய ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ஒன்று. கூகுள் 2015இல் விட்டு 2019இல் நிறுத்திய குரோம்காஸ்ட் ஓடியோ மற்றது. கனடாவிலோ சுவிஸிலோ யாராவது லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தால் கேட்டு வாங்கலாம். எதைக் கேட்பது? நான் ஏர்போர்ட்டைத்தான் கேட்பேன். ஐடியூன்ஸில் இருந்து சிடித் தரம் குறையாமல் அனுப்பும், பாட்டு மட்டும்தான் போகும், இன்டர்நெட் அறுந்தாலும் பாடும். குரோம்காஸ்டுக்கு குரோம் பிரவுசரும் விஎல்சி பிளேயரும் போதும் என்பது வசதிதான். ஆனால் அதன் குடுமி கூகுளின் கையில். 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, கூகுள் திருத்தும் வரை உலகம் முழுக்க அவை வேலை செய்யாமல் கிடந்தன.

கை துருதுருக்கும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி. வொலுமியோ அல்லது மூட் மென்பொருளைப் போட்டால் ஏர்போர்ட் பயன்படுத்தும் ஏர்பிளே, டிஎல்என்ஏ போன்ற வைபை முறைகள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். அதன் ஹெட்போன் துளையை மட்டும் நம்ப வேண்டாம், இரைச்சல். டிஜிட்டல் பாட்டை ஒலிச் சிக்னலாக மாற்றும் தனி டிஏசி போட வேண்டும். கரண்ட் சட்டென்று போனால் எஸ்டி கார்ட் பழுதாகவும் கூடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கு வாங்கிய மினி யுபிஎஸ் இருந்தால், 5 வோல்ட் தருகிறதா, அம்பியர் போதுமா என்று பார்த்து அதில் மாட்டலாம்.

படம் பார்க்க என்றால் ஏர்பிளே வேண்டாம், சத்தம் இரண்டு நொடி பிந்தும். புளூடூத்திலும் கொஞ்சம் பிந்தும். விஎல்சியில் ஜே, கே விசைகளை அழுத்திச் சரிசெய்யலாம். எப்எம் டிரான்ஸ்மிட்டரும் ஒரு வழிதான், ஆனால் அது காருக்கு, விடுங்கள்.

எதை வாங்கினாலும் கடைசி ஒரு முழம் வயர்தான். ஆக்ஸ், டேப், சிடி என்று எழுதிய துளை எதுவும் சரி. ‘போனோ’ மட்டும் கூடாது, அது ரெக்கோர்ட் பிளேயரின் மெல்லிய சிக்னலுக்கானது. ஜேர்மனியில் இருந்து வந்த பழைய செற்றில் ஐந்து ஊசி வட்டத் துளை இருந்தால் டின் (DIN) மாற்று வயர் தேவைப்படும். ரிசீவருக்கு செற்றின் யுஎஸ்பியில் இருந்து கரண்ட் எடுத்து ‘ம்ம்ம்’ என்ற சத்தம் வந்தால் தனிப் போன் சார்ஜரில் மாட்டிப் பாருங்கள். கனடாச் செற் என்றால் அதற்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமர் வாங்கும் வரை நம்முடைய 230இல் செருக வேண்டாம்.